ஒன்பது கோச்சுகளும் மக்களின் குரலும்

எமெட் சபோ வாசல் கதவைத் திறந்தபோது, அவர் வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த ‘விற்பனைக்கு’ பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று தடியர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் கெல்ட்டன் கோவேறு கழுதைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவன் தலையில் துணியில் தைத்த கழுதைக் காது வேறு.

“யார்ரா அது? பலகையை விடுங்கடா.”

“பிரமாதம், பெருசு. கோச் பார்த்தாரா?” என்றான் காதுக்காரன்.

“கோச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. என் வீட்டை விக்கிறேன். நிஜமா விக்கிறேன்.”

“முகத்துல சிரிப்பே இல்லாம சொல்றார் பாரு,” என்று ஒருவன் இன்னொருவனின் முதுகில் அடித்தான். மூவரும் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தார்கள். அங்கே படம் எடுக்க இன்னும் பன்னிரண்டு பலகைகள் இருந்தன.

கெல்ட்டனில் அது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அணி தோற்றால், திங்கட்கிழமை விடிவதற்குள் தலைமைக் கோச்சின் வாசலில் ‘விற்பனைக்கு’ பலகைகள் முளைத்திருக்கும். மூட்டையைக் கட்டு, ஊரைக் காலி பண்ணு என்று அர்த்தம். யார் நடுகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. ஊரே நடுகிறது என்று ஊர் நம்பியது. அணியின் முதலாளி மெர்ட்டன் ஹாஸ்பெல் மெத்தைக் கம்பெனி நடத்திப் பணக்காரரானவர். பலகைகள் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து முளைத்தால் டிவியில் தோன்றி, நெஞ்சில் கைவைத்து, “மக்கள் பேசிவிட்டார்கள். மக்களின் குரலுக்கு மெர்ட்டன் ஹாஸ்பெல் தலைவணங்குகிறான்” என்பார். அடுத்த நாள் கிளப்பின் வேன் வரும், கோச் போவார்.

கோச்சுகள் குடியிருக்கும் வீடும் ஹாஸ்பெல்லுடையதுதான். வாடகை மிச்சம் என்பதால் எந்தக் கோச் வந்தாலும் அங்கேதான் குடிவைப்பார். அது எமெட்டின் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அதனால்தான் கெல்ட்டன் அணியின் தலைமைக் கோச்சுகளின் வரலாறு எமெட்டுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த விளையாட்டு நிருபருக்கும் தெரியாது. நிருபர்கள் அவர்களை மைதானத்தில் பார்த்தார்கள். எமெட் வேலிக்கு மேலாகப் பார்த்தார்.

முதலில் வந்தவர் ப்ரானிகன். நாயைக் கூப்பிட விசில், பிள்ளைகளைக் கூப்பிட விசில், மனைவியைக் கூப்பிடவும் விசில். மூன்றாவது முறை விசில் அடித்தபோது மனைவி வரவில்லை. தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்தவர் டிங்கிள். தெருவிலுள்ள குப்பைத் தொட்டிகளையெல்லாம் இழுத்து வந்து, ஆட்டக்காரர்களாக நிறுத்தி வியூகம் வகுப்பார். அந்த வருஷம் குப்பைத் தொட்டிகள் வகுத்தபடி நின்றன, ஆட்டக்காரர்கள் நிற்கவில்லை. மெக்ஸ்வீகன் அணியையே கூட்டிவந்து புல்வெளியில் மண்டியிட்டு ஜெபம் செய்வார். கடவுள் எதிரணிப் பக்கம் இருந்துவிட்டார். ஹூபர்ட் என்ற மேதை பனிக்காலத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, “ஹூபர்ட் இப்போ தூங்கப் போறான்” என்று தன்னைப் பற்றித் தானே அறிவிப்பு கொடுப்பார். இன்னொருவர் பெயரைத் தபால்பெட்டியில் எழுதிய பெயிண்ட் காயவில்லை, அதற்குள் வேன் வந்துவிட்டது.

வந்த அத்தனை பேரும் முதல் நாள் ஒரே வசனம்தான் பேசினார்கள்: “இந்த அணியின் மனோபாவத்தையே மாற்றப் போகிறேன்.” மாறியதென்னவோ எமெட்டின் ரத்த அழுத்தம்தான்.

ஒவ்வொரு கோச் காலத்திலும் ஒரு கட்டத்தில் எமெட் மேஜையைத் தட்டுவார். “போதும் இர்மா. வீட்டை வித்துட்டு அரிசோனாவுக்குப் போறோம். சோல்டான் பக்கத்துலயே இருந்துக்கலாம்.” சோல்டான் அவர் தம்பி. இர்மா பின்னலை விட்டுத் தலைநிமிராமல், “சரி எமெட்” என்பாள். ஆனால் பலகை எழுதப் போவதற்குள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேன் வந்துவிடும். எமெட் கொஞ்சம் ஆறிப்போய், “புது ஆள் எப்படின்னு பார்த்துட்டுப் போலாம்” என்பார். இர்மா அதற்கும், “சரி எமெட்” என்பாள்.

இந்த முறை அப்படியில்லை. ஒன்பதாவது கோச் வேட் ஸ்டக்கி இலை ஊதும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். விடியற்காலையில் அதை முடுக்கி, தன் வாசலில் உதிர்ந்த மேப்பிள் இலை முழுவதையும் எமெட்டின் வாசலுக்கு ஊதித் தள்ளுவார். அதை நிறுத்தியதும், கார் கொட்டகைச் சுவரைப் பார்த்து, ஆட்ட இடைவேளையில் அணியிடம் பேசும் பேச்சை ஒத்திகை பார்ப்பார். “நீங்க ஆம்பளைங்களா? சொல்லுங்கடா, ஆம்பளைங்களா?” என்று கத்துவார். சுவர் பதில் சொல்லாது. எமெட்டின் படுக்கையறை ஜன்னல் அதிரும்.

அரிசோனாவில் சோல்டான் தன் பக்கத்து வீட்டை நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விருந்து வரைக்கும்தான் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் இது விற்காவிட்டால் அது கைநழுவிப் போகும். எமெட் முதல்முறையாக நிஜமான பலகையை நட்டார். ஊர் சிரித்தது.

“அடியில ‘நிஜமாகவே’ன்னு எழுதிடறேன்,” என்றார் எமெட், பெயிண்ட் டப்பாவோடு.

“எழுதேன்,” என்றாள் இர்மா. மண் படிந்த கையுறைகளைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலம் முழுக்க அவளுக்கு ட்யூலிப் கிழங்கு நடும் வேலை. விடிவதற்கு முன்பே மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் வசந்தத்தில் ஒரு ட்யூலிப்கூடத் தலைகாட்டியதில்லை. கேட்டால், “அணில் தின்னுடுச்சு” என்பாள்.

அடுத்த ஞாயிறும் கழுதைகள் தோற்றன. திங்கட்கிழமை கோச்சின் வாசலில் இருந்த பன்னிரண்டு பலகைகளிலும் அடியில் ‘நிஜமாகவே’ என்று எழுதியிருந்தது. வீடு வாங்க வருவதாகச் சொல்லியிருந்த தம்பதி காரைவிட்டு இறங்காமலே சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

எமெட் பல்லைக் கடித்துக்கொண்டு பலகைக்கடைக்குப் போனார். ஊரில் இருந்தது அந்த ஒரே கடைதான். கடைக்காரி வெர்னா, இர்மாவோடு தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுகிறவள்.

“யாரு உன்கிட்ட அந்தப் பலகையெல்லாம் வாங்கறது? பேரைச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

“வாடிக்கையாளர் பேரைச் சொல்ல மாட்டேன், எமெட். டாக்டர் சொல்வாரா?”

“நீ டாக்டரா? நாலு பலகையும் ஒரு சாயமும் வெச்சிருக்கே.”

“அதுக்குத்தான் நீயும் வந்திருக்கே. இர்மா எப்படியிருக்கா?”

“அவளுக்கென்ன, ட்யூலிப் நடறா. எனக்கு இருக்கறதிலேயே பெரிய பலகை வேணும். ‘இது கோச்சைப் பற்றியது அல்ல’ன்னு கொட்டை எழுத்துல எழுது.”

வெர்னா அவரை ஒருகணம் பார்த்தாள். “நல்லா யோசிச்சியா?”

“எழுதுன்னா எழுது.”

மறுநாள் காலை வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சிக்காரன் அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் விளம்பரத்துக்குப் போனான். சாயங்காலத்துக்குள் பாதி ஊர் அந்த வாசகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கோச் ஸ்டக்கி வேலியருகே வந்து நின்றார்.

“சபோ, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

“இலை.”

“என்னது?”

“இலையைச் சொல்றேன்யா. தினம் என் வாசல்ல தள்ற இலை. அப்புறம் அந்தச் சுவரைப் போட்டுத் திட்றே பாரு, அது.”

“அது உத்வேகப் பேச்சு. மனோபாவத்தை மாத்தறதுக்கு.”

“யார் மனோபாவத்தை? சுவரோடதையா?”

ஸ்டக்கியின் முகம் பீட்ரூட் ஆனது. “ஒரு தலைமைக் கோச்சோட குடும்பம் படற பாடு உங்களுக்குப் புரியாது. நான் பயந்தவனில்லை. இந்தத் தெருவிலேயே நான் கிழவனாவேன், பார்த்துக்கோங்க.”

அதைவிட மோசமான சாபத்தை எமெட் கேட்டதில்லை. அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை கடைசி வாய்ப்பாக ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்க வந்தது. சமையலறையைப் பார்த்தார்கள், நிலவறையைப் பார்த்தார்கள், கொதிகலனைப் பற்றிக் கேட்டார்கள். சமையலறையில் இர்மா கோழி பாப்ரிகாஷ் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். “நல்ல வீடு,” என்றாள் அந்தப் பெண். எமெட் உடனே பேனாவைத் தேடினார். அவள் கணவன் தயங்கித் தயங்கி, “ஒரு உதவி பண்ண முடியுமா? அந்தப் பெரிய பலகை பக்கத்துல நீங்களும் நின்னா ஒரு படம் எடுத்துக்கலாம். அதுக்காகத்தான் முக்கியமா வந்தோம்,” என்றான்.

எமெட் அவர்களை வாசல்வரை விரட்டிக்கொண்டு வந்தார். வாசலில் டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு இளம்பெண் ஒலிவாங்கியை அவர் மூக்கடியில் நீட்டி, “கோச் ஸ்டக்கியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்றாள்.

எமெட்டுக்குள் எத்தனையோ வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது வெடித்தது.

“ஸ்டக்கியைப் பத்தி மட்டும் எதுக்குக் கேக்கறே? ஒன்பது பேரைப் பார்த்தாச்சு. விசில் அடிச்சவன், குப்பைத் தொட்டியை இழுத்தவன், ஜெபம் பண்ணவன், கறுப்புக் கண்ணாடி போட்டவன். வரும்போது சக்கரவர்த்தி மாதிரி வர்றான். போகும்போது என் ஏணியைத் திருப்பித் தராமப் போறான். அந்த மெத்தைக்காரன் பத்தாவதா ஒருத்தனைக் கொண்டு வருவான், அவனும் மனோபாவத்தை மாத்தறேம்பான். ஒருத்தனாவது வாயை மூடிக்கிட்டு அவன் இலையை அவனே வாரியிருக்கானா?”

அந்தப் பேச்சு அன்றிரவு மாநிலம் முழுக்க ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ரசிகர்கள் துடைப்பமும் இலைவாரியும் ஏந்தி வந்தார்கள். கழுதைகள் தோற்றன. திங்கட்கிழமை பலகைகள் மறுபடி முளைத்தன. செவ்வாய்க்கிழமை மெர்ட்டன் ஹாஸ்பெல் நெஞ்சில் கைவைத்தார்.

“மக்கள் பேசிவிட்டார்கள். ஒரு சாமானியக் குடிமகன் தன் வாசலில் நின்று பேசினார். அவருக்கு முன்பு இந்த ஊர் மக்கள் இருபது வருஷமாகத் தங்கள் கைகளாலேயே பலகை நட்டுப் பேசினார்கள். மக்களின் குரலுக்கு…”

எமெட் டிவியை அணைத்தார். வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. கடைசியாக ஏறியது இலை ஊதும் இயந்திரம். ஸ்டக்கி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எமெட்டின் ஏணியும் வேனுக்குள் போனதை எமெட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடுங்கலாம் என்று எழுந்தவர், ஏனோ மறுபடி உட்கார்ந்துவிட்டார். வேன் போன பிறகு தெருவில் சத்தமே இல்லை. ஒரு மேப்பிள் இலை தானாக உதிர்ந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நன்றி நவிலல் விருந்துக்கு முந்தைய நாள் புதுக் கோச்சின் பெயர் வந்தது. மெலிந்த ஆள். மெதுவாகப் பேசுகிறவர். வயலின் வாசிப்பாராம். மனோபாவம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எமெட் பெரிய பலகையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இர்மா, இந்த ஆளு பரவாயில்லைபோல இருக்கு. பார்த்துட்டுப் போலாமா?”

“சோல்டான்?”

“அந்த வீட்டை வேற யாருக்காவது விட்டுடச் சொல்லிடறேன். அரிசோனா எங்கேயும் போயிடாது.”

“சரி எமெட்,” என்றாள் இர்மா. வால்நட் ரொட்டி மாவைப் பலகையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்க ஜன்னலை, அதற்கு வெளியே இருந்த தன் ருபார்ப் பாத்தியை, ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மாவை உருட்டினாள்.

இப்படியொரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள் என்று எமெட்டுக்குத் தோன்றியது. கிளம்பு என்றால் கிளம்புகிறாள், இரு என்றால் இருக்கிறாள். கோபமெல்லாம் இறங்கிப்போய், பீர் எடுப்பதற்காகக் குளிர்பெட்டியைத் திறந்து அதன் கதவுக்குப் பின்னால் குனிந்தார்.

அப்போது சமையலறையின் பின்கதவு திறந்தது. பலகைக்கடை வெர்னா, மண் படிந்த ஒரு பெரிய பலகைக் கட்டைக் கையிடுக்கில் சுமந்துவந்து தரையில் தடாலென்று போட்டாள். மூச்சு வாங்கியது. குளிர்பெட்டிக் கதவுக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“பன்னிரண்டும் இருக்கு, எண்ணிக்கோ. ஆனா அடுத்த ஆளுக்குக் கட்டையெல்லாம் புதுசா மாத்திடணும், இர்மா. ப்ரானிகன்லேர்ந்து ஒன்பது கோச்சுக்கும் நீ இதையேதான் அடிச்சு நட்டிருக்கே, ஒண்ணுலயும் முனையே இல்லை.”