பெக்கா பள்ளத்தாக்கின் நாலாவது கூஜா

ஷிரின் மேடம் துப்பிவிட்டார்.

முனியசாமி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை. ஹோட்டல் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அந்த அம்மா, சிவப்பு வைனை ஒரு வாய் உறிஞ்சி, இரண்டு கன்னத்தையும் ஆட்டிக் கொப்பளித்து, பக்கத்திலிருந்த வெள்ளி வாளியில் பொளிச்சென்று துப்பினார். அடுத்து உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் துப்பினார். அவருக்கு அடுத்தவரும் துப்பினார்.

மேசையின் தலைமாட்டில் செல்வசிங் மட்டும் சிரித்த முகமாக நின்றார்.

"பாவம் அண்ணாச்சி. உள்ளுக்குள்ள என்ன பாடு படுறாரோ" என்று முனகினான் முனியசாமி.

அவனுக்குச் செல்வசிங் என்றால் உயிர். வளைகுடாவுக்கு வந்த புதிதில், முசஃபா தொழிற்பேட்டையில் சாரம் கட்டும்போது வெயிலில் சுருண்டு விழுந்தவனை, யார் எவர் என்று தெரியாமலே தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர். அதோடு விடாமல், இந்த ஹோட்டலின் வைன் ஸ்டோரில் பெட்டி தூக்கும் வேலையும் வாங்கிக் கொடுத்தார். வருஷம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் அறை அது. முதல் நாள் உள்ளே கால் வைத்தபோது முனியசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டிலுக்காகப் போட்ட குளிரில் நமக்கும் பங்கு கிடைத்ததே என்று சுவரைத் தொட்டுக் கும்பிட்டான்.

இன்றைக்கு லெபனான் தேசத்து பெக்கா பள்ளத்தாக்கின் சிவப்பு வைன்களை ருசி பார்க்கும் கூட்டம். நாலு வகை. நாலையும் பொறுக்கி எடுத்தவர் செல்வசிங். மேடத்துக்குப் பிடித்துப் போனால் வைன் பொறுப்பு மொத்தமும் அவர் கைக்கு வரும். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். அந்த ஆள் தன் ஆட்களைக் கொண்டுவருவான். முனியசாமி பழையபடி சாரத்தில் ஏறவேண்டியதுதான்.

கொடுமை என்னவென்றால், அவர் கொடுக்கும் சரக்கு எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாள் என்பதால் செல்வசிங் ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. மோந்து பார்க்கலாம் என்றால் ஜலதோஷம்.

ஆனாலும் பேச்சு கம்பீரமாகத்தான் இருந்தது. இரண்டு மலைத்தொடருக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்காம். பகலெல்லாம் வெயிலாம், இரவில் மலையிலிருந்து பனிக்காற்றாம். அங்கே பழுத்த திராட்சை, மாதுளைச் சாறு மாதிரி வெளிர் சிவப்பில் தொடங்கி நாவற்பழக் கறுப்பு வரைக்கும் போகுமாம்.

முனியசாமிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் சாப்பிட்டவன் எவனாவது முதல் வாயை வாஷ்பேசினில் துப்பினால் ஒரே அர்த்தம்தான்: குழம்பு புளித்துவிட்டது. சமையல் முறை தனக்கு வரும் நாட்களில் அப்படி எத்தனையோ குழம்பை அவன் காப்பாற்றியிருக்கிறான். வெல்லம் போட்டால் சரியாகும்.

பின்கட்டில் வைனைக் கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்றிக் கொண்டுவருவது அவன் வேலை. இரண்டாவது கூஜாவில் ஒரு கை சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

துப்பினார்கள்.

மூன்றாவதில் இரண்டு கை போட்டான். ஷிரின் மேடம் துப்பிவிட்டுத் தண்ணீர் வாங்கி வாயைக் கழுவினார். செல்வசிங்கின் சிரிப்பு ஒரு பக்கம் கோணியது.

"பொறுங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்று முனியசாமி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். இனிப்புப் பகுதியில் பேரீச்சம்பழப் பாகு இருந்தது. நாலாவது கூஜாவில் தாராளமாக ஊற்றி, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, கரண்டியால் கலக்கினான். வைன் பெட்டிகளைக் கொண்டுவந்த வேன் டிரைவர் டெனிஷ் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷிரின் மேடம் உறிஞ்சினார். கன்னத்தை ஆட்டினார். தொண்டை ஏறி இறங்கியது. முழுங்கிவிட்டார்! வெள்ளைக்காரரும் முழுங்கிவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்.

முனியசாமி சுவரோரம் நின்று முருகனுக்கு நன்றி சொன்னான்.

"என்னண்ணே, தனியா நின்னு சிரிக்கிறீங்க?" என்று கிளாஸ் எடுக்க வந்த அருணா கேட்டாள். பரிமாறும் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"முழுங்கிட்டாங்க தாயி! மூணு கூஜாவையும் துப்புனவங்க இதை முழுங்கிட்டாங்க!"

"ஐயய்யோ, முழுங்கக் கூடாதுண்ணே! துப்புறதுதான் இவங்க வழக்கம். முழுங்குனா போதை ஏறி அடுத்ததுக்கு ருசி தெரியாதுல்ல? எவ்வளவு ஒசத்தி வைனா இருந்தாலும் துப்பத்தான் செய்வாங்க."

முனியசாமி வெள்ளி வாளியைத் திரும்பிப் பார்த்தான். அப்படியானால் அவர்கள் துப்பியது நல்ல வைனையா? அதிலா பாகை ஊற்றினோம்?

ஓடிப்போய்க் கூஜாவைப் பிடுங்கப் பார்த்தான். வெள்ளைக்காரர் அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் வாளியைத் தூக்கி மேடத்தின் தாடைக்குக் கீழே பிடித்தான்.

"மேடம்... ப்ளீஸ் மேடம்... யல்லா, சீக்கிரம் துப்புங்க."

மேடம் புரியாமல் பார்த்தார். எப்படித் துப்ப வேண்டும் என்று முனியசாமியே "த்தூ" என்று வாளியில் துப்பிக் காட்டினான்.

செல்வசிங் அவன் காலரைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"லே மக்கா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? மேடத்துக்க முன்ன நின்னு துப்புகியே!"

"அண்ணாச்சி, நாலாவது கூஜாவுல பேரீச்சம்பழப் பாகு ஊத்திட்டேன்."

"எதுல?"

"வைன்ல. ஏலக்காயும் போட்டேன்."

செல்வசிங் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "கர்த்தாவே! வெயிலும் பனியும் பாத்து வளந்த சாதனம்லே அது. அதுல பாயாசமா வச்ச?"

கதவு திறந்தது. ஷிரின் மேடம் கிளாஸும் கையுமாக, கன்னம் சிவக்க நின்றார். முதல் மூன்றும் வேண்டாம், நாலாவதுக்கு ஈடே இல்லை, நம் எல்லா ஹோட்டலிலும் வைக்கவேண்டும், இனி வைன் பொறுப்பு செல்வசிங்குக்குத்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கதவுக்குப் பதிலாகச் சுவரைத் தள்ளிப் பார்த்து, பிறகு வழி கண்டுபிடித்துப் போனார்.

"பொறுப்பு கிடைச்சிருச்சுல்ல அண்ணாச்சி?" என்றான் முனியசாமி, மெதுவாக.

"கிடைச்சுது. நல்ல வைனைக் கெடுத்துக் கிடைச்ச பொறுப்பு. இத வச்சுட்டு நான் எப்படிலே கோயிலுக்குப் போவேன்? மேடத்துக்கிட்ட உள்ளதச் சொல்லத்தான் வேணும்."

முனியசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எம்பேரைச் சொல்லிருங்க அண்ணாச்சி. நான் சாரத்துக்கே போயிக்கிறேன். தண்ணி கொடுத்த உங்களுக்கு, நல்லா இருந்த வைனை நாசம் பண்ணிட்டனே."

அதுவரை வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்ற டெனிஷ் உள்ளே வந்து, முனியசாமியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"என் வேலையக் காப்பாத்துன தெய்வம் அண்ணே நீங்க! வேன்ல ஏசி செத்தது தெரியாம பெட்டியள முசஃபா வெயில்ல பூட்டிப் போட்டுட்டேன், எல்லாம் வெந்து புளிச்சுக் காடியாப் போச்சு. அவங்க வழக்கத்துக்குத் துப்பல அண்ணே, வாயில வைக்க முடியாமத்தான் துப்புனாங்க!"