முதுகில் பெய்த மழை

காலை எட்டரை மணி உலகத்துக்கே பொது என்று நினைப்பவர்கள் திருச்சுழிப் பக்கம் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அது ஒரே ஒருவருக்குச் சொந்தம். நல்லது கெட்டது எதுவானாலும் எட்டரைக்கு அவர் ஏணி ஏறி மொட்டைமாடியில் அளவுக் குவளையோடு நிற்பார். சொந்தத் தங்கைக்கு வாசல் பந்தலில் தாலி ஏறியபோதுகூட மாடியிலிருந்தபடியே அட்சதை போட்டவர். தெருவுக்கு அவர் 'எட்டரை மாமா'. உண்மைப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் மழைமானியைப் பார்த்து அளவெழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு ஆளுக்குத்தானே, மழைக்கு இல்லையே என்று வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு மானியை நட்டுவிட்டார். தினமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, டீக்கடை வாசல் சிலேட்டில் எழுதுவார். எங்களுடையது மானம் பார்த்த கரிசல். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஒரே வார்த்தைதான்: 'இல்லை'. பழைய 'இல்லை'யை அழித்துவிட்டுப் புது 'இல்லை' எழுதுவார்.

"ஒரு அஞ்சு சேத்துப் போட்டாத்தான் என்ன மாமா? மனசாச்சும் குளுரும்ல" என்பார் டீக்கடைக்காரர்.

"பெஞ்சது அம்புட்டுத்தான்யா. நான் என்ன வானத்துக்கு ஏசெண்டா?"

அப்படிப்பட்டவரும் ஒரே ஒரு முறை தப்பாக எழுதினார். ஓர் ஐப்பசியில் ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்க, சிலேட்டில் 'இல்லை'. மானியின் புனலில் குளவி கூடு கட்டி அடைத்திருந்தது. அதைச் சொல்லியே டீக்கடை பல வருடம் சிரித்தது. "என்ன மாமா, இன்னைக்குக் குளவி என்ன சொல்லுது?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாமா முதுகில் தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்த கொழுப்புக்கட்டியை மதுரையில் அறுத்து எடுத்தார்கள். வீடு திரும்பியபோது விலாவிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தொங்கியது. நுனியில், அமுக்கினால் சுருங்கி விரியும் பிளாஸ்டிக் டப்பா. புண்ணுக்குள் ஊறும் நீரை அது உறிஞ்சுமாம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். தெருவுக்குள் ஆங்கிலத் தாள் எது நுழைந்தாலும் என்னிடம்தான் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். மிக்சி கேரண்டி அட்டைவரை வாசித்துச் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து நின்றே வாசித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டப்பா எப்போதும் புண்ணுக்குக் கீழேயே இருக்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் நீரை அளந்து எழுதி, டப்பாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் முப்பது மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். அதுவரை ஏணி ஏறக் கூடாது.

கடைசி வரியில் மாமாவின் முகம் செத்துவிட்டது. ஐப்பசி பிறந்திருந்தது. "அப்ப மாடிக்கு யாரு போறது?"

அத்தை போனார். "ஈரமாத்தான் இருக்குங்க, ரெண்டு மூணுன்னு வச்சுக்கங்களேன்" என்று மாடியிலிருந்து கத்துவார்.

"அளந்தியா, ஆசப்பட்டியா?" என்று கீழேயிருந்து பதில் போகும்.

குழாய் போனால்தான் ஏணி. வாழ்நாளெல்லாம் எண் ஏறாதா என்று ஏங்கிய மனிதர், இப்போது எண் இறங்காதா என்று ஏங்க ஆரம்பித்தார். டப்பாவை அளப்பதும் எட்டரைக்குத்தான். பழக்க தோஷத்தில் அதையும் சிலேட்டில் என்னை எழுத வைத்தார். 'மழை: இல்லை. முதுகு: 85.'

டீக்கடைக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "இந்தக் கரிசக்காட்டுல மாமா முதுகுல மட்டுந்தான்யா பெய்யுது."

எழுபது, ஐம்பத்தெட்டு என்று எண் இறங்கியது. சிவப்பாக வந்த நீர் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்தது. குறைகிற எண்ணைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு தாங்காது. "கவலப்படாதீக மாமா, நாளைக்குக் கூட வரும்" என்று பருத்திக்காரர் ஒருவர் வீடு தேடிவந்து ஆறுதல் சொல்ல, அத்தை விளக்குமாற்றைத் தேடினார்.

எட்டாம் நாள் முப்பத்தெட்டு. ஒன்பதாம் நாள் நாலு.

"மாமா, நாலுதான்! நாளைக்கும் இப்பிடி வந்தா குழாய எடுத்துரலாம்" என்று துள்ளினேன். ஓடிப்போய்ச் சிலேட்டிலும் எழுதிவிட்டு வந்தேன். மாமா சிரிக்கவில்லை.

"நேத்து முப்பத்தெட்டு, இன்னைக்கு நாலு. எந்த மழை மாப்ள இப்பிடிப் பட்டுன்னு நிக்கும்? சட்டையத் தூக்கிப் பாரு."

தூக்கினேன். தையலுக்குப் பக்கத்தில் தோல் தண்ணீர் நிரப்பிய பலூன்போல உப்பியிருந்தது. குழாய் நுழையும் இடத்தில் கட்டு நனைந்திருந்தது. படித்தவன் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்த நாலை ஊரில் எவரையும்விட அதிகமாக விரும்பியவர் மாமாதான். அவர்தான் அதை நம்ப மறுத்தார்.

"மானியில அடைப்பு. கெளம்பு, மதுரைக்குப் போவோம்."

டப்பாவை மஞ்சப்பையில் போட்டு மடிக்குக் கீழே தொங்கவிட்டபடி பஸ்ஸில் எனக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தார். "பைக்குள்ள என்ன பெருசு, லக்கேஜா?" என்றார் கண்டக்டர். "உடம்புல சேந்ததுய்யா. வேணும்னா எட்டிப் பாரும்." கண்டக்டர் எட்டிப் பார்த்தார். மதுரை வரைக்கும் எங்கள் பக்கமே வரவில்லை.

அடைப்பை எடுத்ததும் டப்பாவில் நீர் மளமளவென்று இறங்கியது. டாக்டர் சொன்னார்: "ரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சிருக்கு. அப்படியே விட்டிருந்தா சீழ் பிடிச்சுத் தையலே பிரிஞ்சிருக்கலாம். யார் கண்டுபிடிச்சது?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"குளவி சார்" என்றார் மாமா, பணிவாக.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த 'நாலை' அழிக்கச் சொன்னார். 'அளவு தவறு. மானியில் அடைப்பு' என்று எழுதினேன். அடுத்த வாரம் குழாயை எடுத்தார்கள். டாக்டர் சரியென்ற அன்று மாமா ஏணி ஏறினார். சிலேட்டில் அவர் கையெழுத்து: 'மழை: 22. முதுகு: இல்லை.' எங்கள் ஊர் சரித்திரத்தில் ஓர் 'இல்லை'க்காக டீக்கடைக்காரர் எல்லோருக்கும் சும்மா வடை கொடுத்தது அன்றைக்குத்தான்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. சமீபத்தில் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலில் நாலு தையல். மறுநாள் எட்டரைக்குப் போன். மாடிக் காற்று இரைந்தது.

"மாப்ள, எம்புட்டு?"

"எனக்குக் குழாயெல்லாம் இல்ல மாமா. வெறும் தையல்தான். ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வரலையா?" குரல் மாறிவிட்டது. "சுத்திவரத் தொட்டுப் பாரு. வீக்கம் இருக்கா? சூடு இருக்கா?"

தொட்டுப் பார்த்தேன். "இல்ல மாமா."

"கையக் கழுவிட்டா தொட்ட?"

கழுவவில்லை. எழுந்து நொண்டிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். அதுவரை லைனிலேயே இருந்தார்.

தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. எட்டரைக்கு இன்னமும் போன் வருகிறது. நான் எட்டேகாலுக்கே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.