முதுகில் ஒரு சிவப்பு அம்பு

ஆம்பூரில் பிரியாணியைக் குறை சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பிய ஒரே பிறவி எங்கள் கியூசி அக்காதான். சும்மா சொல்லவில்லை, அம்பு ஒட்டிச் சொன்னாள். தட்டின் விளிம்பில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். "பாய், இந்தப் பக்கம் அரிசி உடைஞ்சிருக்குது. அந்தப் பக்கம் முழுசா இருக்குது. ஒரே தட்டுல எப்படி ரெண்டு குவாலிட்டி?" கடைக்காரர் அம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வேறு தட்டு கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஷூ கம்பெனியில் கடைசி மேசையில் கியூசி, அதாவது குவாலிட்டி செக்கிங் வேலை. பசை வழிந்திருந்தாலோ தையல் விட்டிருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வர வேண்டாமா? ஸ்டிக்கர் தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்துவிடுவாள். சொட்டுகிற குழாயில் அம்பு. சரியாக வேகாத இட்லியில் அம்பு. என் அறைத்தோழி ஸ்டெல்லா தனக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் போனில் காட்டினாள். ஸ்கிரீன் மேலேயே, அந்த ஆளின் இடது காதில் ஒரு அம்பு.

"ரெண்டு காதும் ஒரே ஜோடி இல்ல பாரு."

அதற்கப்புறம் ஸ்டெல்லாவுக்கு அந்தக் காதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

இப்படிப்பட்டவளிடம் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை போன இன்டர்வியூக்களில் எல்லாம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற முதல் கேள்விக்கே என் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியாக ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசுகிற வேலை. விஷயம் தெரிந்ததும் குடியாத்தத்திலிருந்து அப்பா போன் செய்தார்.

"இதான் கடைசிம்மா. கிடைக்கலன்னா பேசாம வந்துடு. இங்க லுங்கி மடிக்க ஆள் கம்மியா இருக்குது."

அப்பா எங்கள் வீட்டு லுங்கித் தறியைப் பற்றிச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு தடவை திரும்பிப் போனால் மறுபடி வெளியே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் அழுததை ஸ்டெல்லா போய்ச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே மெஸ் மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னப் பத்தி சொல்லு."

"என் பேரு..."

"ரிஜெக்ட். பேரு பேப்பர்லயே இருக்குது. வெளிய போய் மறுபடி வா."

வெளியே போய் மறுபடி வந்தேன்.

"குட் மார்னிங் மேடம்."

"ரிஜெக்ட். சிரிக்கிறப்ப வாய் இடது பக்கம் ஜாஸ்தியா போகுது."

"என் வாய் அப்படித்தான்க்கா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? தப்பைக் காட்றதுதான் என் வேலை. சரி பண்றது வேற டிபார்ட்மென்ட்."

கேட்டீர்களா அநியாயத்தை? தினமும் இதே பேஜார். என் நடையில் அம்பு, இங்கிலீஷில் அம்பு, நான் பயந்து விழிக்கிற முழியில்கூட அம்பு. மெஸ்ஸில் சாப்பிட வந்தவர்கள் எல்லாம் குழம்பை மறந்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாளாவது ஓகே என்று ஒரு வார்த்தை வந்திருக்குமா அந்த வாயிலிருந்து? பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"ஏங்க்கா, என்கிட்ட ஒண்ணுகூடவா நல்லா இல்ல?"

"நல்லா இருக்கிறதுக்கு ஸ்டிக்கர் கிடையாதும்மா," என்றாள்.

இன்டர்வியூ அன்று காலை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அறைக்குள் வந்து என்னை ஒரு சுற்று சுற்றினாள். சுடிதார் கழுத்தில், கையில், செருப்பு வாரில் எல்லாம் டக் டக்கென்று ஒட்டிவிட்டுப் போயே போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பக்கத்து சீட் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மா, எதனா வேண்டுதலா?"

ராணிப்பேட்டை ஆபீஸில் ஒரு மேனேஜரும் ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பேரைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்ததிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய் இடது பக்கம் போகுமோ என்று சிரிக்கவும் பயம். என் பேப்பரை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்," என்றார் மேனேஜர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? லுங்கி என்று அர்த்தம். எழுந்து திரும்பிக் கதவருகே போனேன்.

"ஏம்மா, நில்லு. முதுகுல இன்னா அது, அம்பு? நீ எந்த லைன்ல ரிஜெக்ட் ஆன?" என்றார் மேனேஜர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். கை எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறாள், படுபாவி.

"சார், அது எங்க ஹாஸ்டல்ல ஒரு அக்கா சார். இட்லிய விடமாட்டா, மாப்பிள்ளைய விடமாட்டா. பிரியாணியிலயே ஒட்டினவ சார் அவ..."

நின்ற இடத்திலேயே ஆரம்பித்தேன். காது கதை, குழாய் கதை, பசை வழிந்தால் எங்கே அம்பு, தையல் விட்டால் எங்கே அம்பு, மனுஷி வாய் கோணினால் அதற்கு எதற்கு அம்பு என்று ஒன்றையும் விடவில்லை. பாதியில் மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடித்தபோது மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையர் கம்ப்ளைன்ட் பண்ணா நமக்காகப் பேச இந்த மாதிரி ஒரு வாய்தான் வேணும். திங்கக்கிழமை வந்துடு."

ஹாஸ்டலுக்கு வந்ததும் நேராக அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"முதுகுல ஒட்டினா சொல்ல மாட்டியா? மானமே போச்சு."

"துப்பட்டா பின்னு கோணலா இருந்துச்சு. சரி பண்ணியா?"

"இல்ல."

"அப்படியேவா உள்ள போன?"

"ஆமா."

"அப்புறமும் எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க."

அக்காவின் முகம் கவலையாகிவிட்டது. "அந்தக் கம்பெனில செக்கிங் சரியில்ல. ஜாக்கிரதையா இருந்துக்கோ," என்றாள்.

இப்போது ராணிப்பேட்டையிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இங்கே எல்லோரும் ரொம்ப நல்லவர்கள். எதைப் போட்டுக்கொண்டு போனாலும் சூப்பர் என்கிறார்கள். பையர் மீட்டிங்குக்குப் போகும் முன் பாத்ரூம் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன். துப்பட்டா பின் கோணலாகத்தான் இருக்கிறது. அதைக் காட்ட ஓர் அம்புகூட இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.