ரிப்போர்ட் அங்கிளும் வேன் கண்ணாடியும்

மலேசியாவில், எங்கள் மாசாய் தாமான் குடியிருப்பில், ரிப்போர்ட் அங்கிளின் கண்ணில் பட்டும் போலீஸ் ரிப்போர்ட் ஆகாமல் தப்பித்தது சூரியன் ஒன்றுதான். ஒரு நாள் தாமதமாக உதித்திருந்தால் அதுவும் மாட்டியிருக்கும்.

அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு எதிர்வீடு. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பூனையைக் காணோமா, ரிப்போர்ட். போன பூனை திரும்பி வந்துவிட்டதா, அதற்கும் ஒன்று. பக்கத்து வீட்டுத் தேங்காய் அவர் வாசலில் விழுந்தபோது, அந்தத் தேங்காயையும் பையில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே சார்ஜன் சாப்பிடக் கிளம்பிவிடுவாராம்.

“எல்லாத்துக்கும் எதுக்கு அங்கிள் ரிப்போர்ட்டு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நாளைக்கு எவனாச்சும் இல்லைன்னு சொன்னா என்னா செய்வீங்க, தம்பி?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மேலே யாரோ குறித்து வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை புல் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். மெஷின் ஓடும்போது கல் தெறிக்காமல் இருக்க ஒருவர் வலை பிடித்து நிற்க வேண்டும். வலையோ லாரியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ‘டொப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், என் மனைவி மேரி ஓட்டும் பள்ளி வேனின் பின்கண்ணாடி மொத்தமும் சீனியாக உதிர்ந்து கிடக்கிறது.

அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு. நான் எழுதிச் சம்பாதிப்பது பெட்ரோலுக்கே பத்தாது. இரவல் வேன் இரண்டு நாளைக்குத்தான் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் கண்ணாடி போடாவிட்டால் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிடுவோம் என்று தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள்.

புல் வெட்டும் ஆட்களின் கண்ட்ராக்டர் வந்து பார்த்தார். “எங்க மெஷின் கல்லுதான்னு என்னா சாட்சி? பசங்க பந்து அடிச்சிருப்பானுங்க லா.”

மேரிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது எதிர்வீட்டு கேட் திறந்தது. கையில் ஃபைலோடு ரிப்போர்ட் அங்கிள்.

“இந்தாங்க. வலை இல்லாம வெட்டுறாங்க, எந்த நேரமும் கண்ணாடி உடையலாம்னு ரிப்போர்ட். காலையில ஒம்போது மணிக்குக் கொடுத்தது.”

“உடைஞ்சது பதினொண்ணுக்குத்தானே அங்கிள்?” என்றேன்.

“அதனால என்னா? உடைஞ்ச பிறகு போனா கூட்டமா இருக்கும்.”

கண்ட்ராக்டர் துள்ளிக் குதித்தார். “அலமாக்! உடையறதுக்கு முன்னாலயே ரிப்போர்ட்டா? அப்ப இந்தப் பெரியவருதான் கல்லு விட்டிருக்காரு!”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் நானே அங்கிளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டேன்.

அங்கிள் அசரவில்லை. கைப்பேசியைச் சட்டையில் துடைத்து நீட்டினார். “உங்க லாரியில நம்பர் எழுதியிருந்துச்சு. ரிப்போர்ட்டையும், வலை இல்லாம வெட்டுற போட்டோவையும் ஒம்போதே காலுக்கு உங்களுக்கே அனுப்பிட்டேன். நீங்க போட்ட பதிலப் பாருங்க.”

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தூக்கிய கட்டைவிரல் ஒன்று. அதன் கீழே, “ஓக்கே பாஸ்.”

கண்ட்ராக்டர் தன் கைப்பேசியை எடுத்து அதையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை மாலை அவர் செலவிலேயே புதுக் கண்ணாடி ஏறியது. அப்பாடா! இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற சோறு அன்றுதான் கீழே இறங்கியது.

திங்கட்கிழமை காலை, வேன் நிறையப் பிள்ளைகள். மேரி புதுக் கண்ணாடியை ரசித்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தாள். ‘டமார்!’ அங்கிள் வீட்டுத் தபால் பெட்டி காலோடு சாய்ந்தது. அங்கிளோ சட்டைப் பையில் பேனாவோடு வாசலிலேயே நிற்கிறார்.

“அங்கிள், நான் வந்து…” மேரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். வேனுக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் ஒண்ணும் பாக்கல மா. பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லேட்டாவுது, நீ போ!”

பெட்டியை அவரே நிமிர்த்தி வைத்தார். இன்றைக்கும் அது கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் மேரி ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகிறாள்.