‘சாப்ட்டியா’ தபால்காரர்

“சாப்ட்டியா?” என்று விசாரித்தே ஒரு தெருவை அழவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் எங்கள் தபால்காரர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் ‘சாப்ட்டியா’தான்.

கெட்ட சேதியை வெறும் வயிற்றுக்காரனிடம் கொடுக்கவே மாட்டார். உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் கை அது. நல்ல சேதி என்றால் தெருமுனையிலிருந்தே மணியடிப்பார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, தொப்பியைக் கழற்றி, “சாப்ட்டியா?” என்றாரோ, தொலைந்தது, பக்கத்து வீட்டில் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமுவார்கள். எதிர்வீட்டு வாத்தியாரை அப்படிக் கேட்டதும், மலைமேலிருக்கும் வெள்ளிமலைக்கு மாற்றல் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தள்ளிப்போடுவதற்காகப் பதினோரு இட்லி தின்றார்.

“இன்னும் ரெண்டு வைம்மா.”

“வாத்தியாரே, மாவு தீந்துட்ச்சாம். கையெழுத்துப் போடு” என்றார் நம்ம ஆள்.

நான் அப்போது லாரிப் பட்டறையில் வெல்டர். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகவே குடியேற மனுப் போட்டிருந்தேன். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. கிடைக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டேன். அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

பதில் வரவேண்டிய நேரத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, தபாலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அம்மாவுக்கும் இறங்கவில்லை. மூன்றாம் நாள், சின்னசேலம் ரயிலடியில் தேங்கிக் கிடந்த தபால் மூட்டையை எடுத்துவரச் சைக்கிளில் கிளம்பினார் மனுஷன். திரும்பும் வழியில் மறியல்காரர்கள் மடக்கினார்கள்.

“எங்கய்யா போய்க்கினு கீற? மறியலு தெரில?”

“தெரியுதுப்பா. இதுல உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வேலைக்கு வந்த கார்டும் இருக்கும். இங்கியே போட்டுட்டுப் போவட்டா?”

அவ்வளவுதான். மரத்துக்கு மரம் அவர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்களாம்.

எங்கள் வாசலில் மணிச் சத்தம் இல்லை. ஸ்டாண்டு போட்டார். தொப்பியைக் கழற்றினார்.

“சாப்ட்டியா?”

நான் முந்திக்கொண்டேன். “போச்சாண்ணே?”

“உன்ன இன்னாத்துக்குடா கேக்கறேன்? யக்கா, நீ சாப்ட்டியா?”

அம்மாவை உட்காரவைத்து, களியும் கருவாட்டுக் குழம்பும் கடைசி வாய் வரை உள்ளே போனபிறகுதான் உறையை நீட்டினார். பிரித்தால், விசா! நான் குதித்தேன்.

“நல்ல சேதிக்கு எதுக்குண்ணே இந்த வேல?”

“உனுக்கு நல்ல சேதி. அக்காவுக்கு?”

திரும்பிப் பார்த்தேன். அம்மா எச்சில் கையோடு அழுதுகொண்டிருந்தாள்.

போனேன். வேலையும் புது ஊரும் என்னை விழுங்கிவிட்டன. கடிதம் எழுதச் சோம்பினேன். மூன்று வருஷம் கழித்து வந்தபோது அம்மா சொன்னாள்: கடிதம் வராத வாரமெல்லாம் அவர் எட்டிப் பார்த்து, “யக்கா, உம் புள்ள கடுதாசி மெட்ராஸ் வரிக்கும் வந்துட்ச்சாம், நாளைக்கு இங்க” என்பாராம். மூன்று வருஷமும் விடாமல் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதை அவர் செய்தார். அந்த நன்றி இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது.

அதன்பிறகு வாரம் தவறாமல் எழுதினேன். அவ்வளவு நல்ல மனுஷனை இனியும் பொய் சொல்லவைக்க எனக்கு மனசு வரவில்லை.