வெண்கலப் பெண் இன்னும் குளிக்கிறாள்

நீர்வளநாடு என்று ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். தலைநகரத்துக்கு இருந்ததே ஒரு குளம்தான். ஊரே அதில்தான் குளித்தது.

அந்த நாட்டு அரசர் பிரெஞ்சு தேசம் போனவர், குளிக்கும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்றை வாங்கி வந்தார். அதைச் செய்த சிற்பி உள்ளதை உள்ளபடி வடிக்கிறவன். அவள் தேவதையும் இல்லை, ராணியும் இல்லை. இடுப்பில் இரண்டு மடிப்பு, ஈரக் கூந்தல், ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பித்தவெடிப்பைக்கூட அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. அவளைக் குளத்தின் கடைசிப் படியில் வைத்தார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே இருக்கா" என்று சனங்களுக்கு ஒரே சந்தோஷம்.

வரவேற்பு அறிக்கையை எழுதியவர் அரண்மனை எழுத்தர் மாசிலாமணி. வெறுமனே 'சிலை' என்று எழுதித் தொலைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அலங்காரம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் மனிதருக்குச் சோறு இறங்காது. 'அரண்மனை மங்கை நீராட எழுந்தருளினாள்' என்று எழுதி, தானே இரண்டு முறை படித்து ரசித்துக்கொண்டார்.

அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அரண்மனைப் பெண் குளத்தில் இறங்கினால், அவள் கரையேறும் வரை வேறு யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. மறுநாளே அமைச்சர் பூவராகர் குளத்தைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டார். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு செம்பு அளந்து கொடுத்தார்கள்.

"ஐயா, அது சிலைங்க" என்றார் மாசிலாமணி.

"நீராட எழுந்தருளினாள் என்று நீர்தானே ஐயா எழுதினீர்? அரசாங்கம் பொய் சொல்லுமா?"

மாசிலாமணி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பதினைந்து வருஷம் காத்திருந்து, அவர் மனைவி வடிவு அப்போதுதான் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். இந்த நேரத்தில் வேலை போனால் பிள்ளையின் கதி என்ன? கோழைத்தனத்துக்கு நல்ல காரணம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கோடை வந்தது. ஊர் நாறியது. நாற்றம் நாட்டுக்கு இழுக்கு என்று, குளிக்காதவர்கள் தெருவில் நடமாடத் தடை வந்தது. அதையும் மாசிலாமணிதான் எழுதினார். சனங்கள் பொறுக்கமாட்டாமல் கூச்சல் போட, மங்கை கரையேறலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்த அரசர் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

"வாக்குச்சாவடி புனிதமான இடம். குளித்தவர்கள் மட்டும் வந்தால் போதும்" என்றார் பூவராகர்.

குடம் குடமாகக் குளத்துத் தண்ணீரை வரவழைத்துக் குளித்துக்கொண்டிருந்த அரண்மனைக்காரர்கள் நடுநிலை வகித்தார்கள். மீதி இருந்த தகுதியுள்ள வாக்காளர் ஒருவர்தான். அமைச்சரே படியிறங்கிப் போய், வெண்கல விரலில் மை வைத்து, அவள் சார்பில் 'வேண்டாம்' என்று சீட்டைப் போட்டார். 'மக்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்று மாசிலாமணி எழுதிய முடிவறிக்கையைப் படித்து நெகிழ்ந்து, ஒரு குடம் குளத்துத் தண்ணீரைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அழுதுகொண்டிருந்தது.

"ஏதுங்க இவ்வளவு தண்ணி?"

"என் எழுத்துக்குக் கெடைச்சது."

வடிவு அவரை ஒரு பார்வை பார்த்தாள். வெதுவெதுப்பாக விளாவி, கால்களை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டினாள். அழுகை நின்றது. அந்தப் பிஞ்சு முகம் தெளிந்ததைப் பார்த்தபோது மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மீதியிருந்த அரைக் குடத்தைக் காட்டி, "பக்கத்து வீட்டுப் புள்ளையும் வேர்க்குருவுல துடிக்குது. அதோட அம்மா முத்தழகியக் கூப்பிட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, வடிவு குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனாள்.

மாசிலாமணிக்கு முதுகு அரித்தது. ஒரு செம்பு மட்டும் என்றுதான் மொண்டார். உச்சியில் விழுந்ததும் என்ன சுகம்! அரைக் குடமும் தீர்ந்தது. தலையைத் துவட்டும்போது, குளத்துக்குப் போட்ட காவலில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எல்லாருக்கும் திறந்துவிட்டால் குளம் என்னத்துக்கு ஆகும்?

பக்கத்து வீட்டில் குழந்தை வீரிட்டு அழுதது.

"என்னங்க, முத்தழகியக் கூப்பிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து வடிவு கேட்டாள்.

மாசிலாமணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.