சந்தியோகர் போட்ட கமராச் சட்டம்

ஊரடங்கு அறிவித்த அன்றைக்கே சந்தியோகரும் தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அரசாங்கத்தின் சட்டத்துக்குப் பொலிஸ் காவல். சந்தியோகரின் சட்டத்துக்கு ஒரு துண்டு பிளாஸ்டர்.

காலில் முள் குத்தினால் ஒட்டுகிற அதே பிளாஸ்டர்தான். மனைவி லூர்த்தம்மாவின் போனைக் கவிழ்த்து, முதுகில் முழித்துக்கொண்டிருந்த மூன்று கமராக் கண்ணையும் மூடி அழுத்தி ஒட்டினார்.

"இனி இந்த வீட்டுக்குள்ளை நடக்கிறது வெளியிலை போகாது. உதுக்குள்ளாலை வெள்ளைக்காரன் எங்கடை குசினி அடுப்பு வரைக்கும் பாக்கிறானாம். பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் அண்ணை சொன்னவர்."

"பாக்கட்டுமன். பாத்துப்போட்டு அரிசி அனுப்பினால் நல்லம்."

"பகிடி விடாதை. இது தரவுப் பாதுகாப்பு!"

"ஓமோம். வடிவா ஒட்டுங்கோ."

இந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். குருநகர் இறங்குதுறையில் சந்தியோகர் தும்மினால் மண்டைதீவில் வலை இழுக்கிறவன் "ஆண்டவரே" என்பான். அவருடைய மீசையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காகம் வசதியாகக் குந்தலாம். ஒருமுறை குந்தினதாகவும் கதை. சுகாதாரப் பரிசோதகர் படலையில் நின்று போன் நம்பர் கேட்டபோது, "எங்களிட்டைப் போனும் இல்லை, காய்ச்சலும் இல்லை" என்றவர். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போன் அடித்தது. "அது கோழி" என்றார்.

ஆனால் சட்டத்துக்கு உண்மையான காரணம் வெள்ளைக்காரன் இல்லை. ஜெயனி.

ஜெயனி ஒரே மகள். பாரிசில் இருக்கிறாள். அங்கே டிலக்ஷன் என்கிற தென்மராட்சிச் சைவப் பெடியனை, கோயிலும் இல்லாமல் குருவும் இல்லாமல், நகரசபையில் கையெழுத்து வைத்துக் கட்டிக்கொண்டு பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். சந்தியோகர் நேரே போய், தன் பேருக்குரிய புனிதர் யாகப்பரின் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் பண்ணினார்: "அவளாக வந்து என்ரை வாசலிலை நிக்குமட்டும் என்ரை முகத்தை அவள் காணக்கூடாது."

ஜெயனியும் வரத்தான் இருந்தாள். உயிர்த்த ஞாயிறு பெருநாளுக்கு, கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. ரிக்கற்றும் போட்டாயிற்று. அதற்குள் உலகம் முழுக்க விமானங்களை இறக்கி நிறுத்திவிட்டார்கள்.

சத்தியத்தில் ஒரு ஓட்டை இருந்ததைச் சந்தியோகர் அப்போதுதான் கண்டுபிடித்தார். அவள் தன்னைக் காணக்கூடாது. தான் அவளைக் காணக்கூடாதென்று யாகப்பரிடம் அவர் சொல்லவேயில்லை. கமராவை அடைத்தால் அங்கே இருட்டு, இங்கே வெளிச்சம். சத்தியமும் தப்பும், பேத்தியும் கிடைப்பாள்.

அந்த வீட்டில் முகம் பார்த்துக் கதைக்கிற அளவுக்குக் கவரேஜ் வருகிற ஒரே இடம் கிணற்றடி. பின்னேரமானால் லூர்த்தம்மா இருக்க ஒரு மர வாங்கைப் போட்டு, கவிழ்த்த வாளியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருப்பாள். சந்தியோகர் கிழிந்த வலையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் குந்துவார். ஒரு கண்ணியும் பொத்தினதில்லை.

திரையில் பேத்தி வருவாள். வாயில் புதுப்பல் இரண்டு. சந்தியோகர் லூர்த்தம்மாவின் தோளுக்கு மேலால் கையை நண்டாக்கி நடக்கவிடுவார். நாக்கை நீட்டுவார். வலையைத் தலையில் போட்டு மணப்பெண்போல ஆடுவார். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். தாய் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போவாள்.

"உவள் ஏன் அடிக்கடி எழும்பிப் போறாள்?" பிறகு கேட்பார்.

"அடுப்பிலை பாலாம்."

"திரை மூலையிலை என்ரை தலை சின்னனாத் தெரியுது. அது என்ன?"

"அது கண்ணாடி. சீப்பாலை தலை இழுக்கிறதுக்கு வைச்சிருக்கிறாங்கள். எங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

மறுநாள் அதைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

ஒருநாள் பிள்ளை தன் கையை நண்டாக்கி மேசையில் நடக்கவிட்டாள்.

"உது ஆர் பழக்கினது?"

"ஆர் பழக்கிறது? குருநகர் இரத்தமெல்லே!"

அவருக்கு நெஞ்சு பெருத்துவிட்டது.

கதைத்து முடிந்தால் திரை கறுத்துவிடும். லூர்த்தம்மா எழும்பிப் போனபிறகும் அவர் அங்கேயே இருப்பார். பிள்ளையின் உச்சி எப்படி மணக்கும்? ஜெயனியின் உச்சியில் பாலும் உப்புக்காற்றும் கலந்து மணக்கும். கடலால் வந்த கையோடு, செதிலும் கழுவாமல் அவளைத் தூக்கி எத்தனை தரம் லூர்த்தம்மாவிடம் வாங்கிக் கட்டியிருப்பார்! இவளுக்கு என்ன மணமோ? ஆரும் பாராத நேரம் திரையில் மூக்கை வைத்துப் பார்ப்பார். போன்தான் மணக்கும்.

பிறகு மாஸ்க் கட்டாயம் என்றார்கள். மீசை மாஸ்க்குக்குள் அடங்க மறுத்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காலை சவரக்கத்தியை எடுத்தார்.

அன்று பின்னேரம் லூர்த்தம்மா, "தேத்தண்ணி வைச்சுக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போனாள். திரையில் பிள்ளை மட்டும். சந்தியோகர் மெல்ல வாங்கில் ஏறி இருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து திரைக்கு ஒரு கொஞ்சல் கொடுத்தார்.

"அப்பா," என்றது போன். "மீசைக்கு என்ன நடந்தது?"

அவர் கிணற்றுக்குள் விழாதது யாகப்பரின் புண்ணியம்.

"லூர்து! பிளாஸ்டர் கழண்டு போச்சடி!"

"கழண்டு போகேல்லை. ஒட்டினபடிதான் இருக்கு." லூர்த்தம்மா தேத்தண்ணியோடு வந்தாள். "அது முதுகுக் கண். முகத்துக் கண் இஞ்சை மேலை, கடுகளவிலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னட்டைக் கேட்டே சட்டம் போட்டனியள்?"

"அப்ப... நண்டு? வலை?"

"எல்லாம் பாத்தனான், அப்பா." ஜெயனியின் குரல் சிரிப்பில் தொடங்கி வேறெங்கேயோ போய் நின்றது. "பாக்காத மாதிரி இருக்கச் சொன்னது அம்மாதான். தெரிஞ்சால் வராமல் விட்டிடுவர் எண்டவ. உங்களோடை கதைச்சு மூண்டு வருஷம் அப்பா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

சந்தியோகர் வாயைத் திறந்தார். மண்டைதீவுக்குக் கேட்கிற குரல் தொண்டைக்குள்ளேயே குந்திக்கொண்டது. 'சாப்பிட்டியோ பிள்ளை' என்று கேட்கத்தான் பார்த்தார். "சா..." என்பதற்குள், லூர்த்தம்மா கோப்பையை வைக்கக் குனிய, திரை கறுத்தது.

"டேட்டா முடிஞ்சுது" என்றாள்.

"போடு! இப்பவே போடு!"

"இந்தச் சிம்முக்கு இவ்வளவுதான் தருவினம். புதுச் சிம் எடுத்தால் மாசம் முழுக்கக் கதைக்கலாமாம். என்ரை பேரிலை ஏற்கனவே இருக்கு, இனி உங்கடை பேரிலைதான் எடுக்கவேணும். பேர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் கேப்பினம். உங்கடை சட்டத்துக்கு ஒத்துவராது. விடுங்கோ."

கடைசிச் சொல் படலைக்குத்தான் கேட்டது. சந்தியோகர் றோட்டில் நின்றார்.

ஊரடங்கு தளர்த்தியிருந்த நேரம். போன் கடை அரைக் கதவில் நின்றது. கடைப் பிள்ளை மதுரா பேர் கேட்டாள். தகப்பன் பேரும் சேர்த்துச் சொன்னார். அடையாள அட்டையை அவள் கேட்க முன்னரே நீட்டினார். படம் எடுக்கவேணும் என்றாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கலியாண வீட்டுக்கு நிற்பதுபோல நின்றார். பிறகு கேளாததையும் சொல்லத் தொடங்கினார். பேத்திக்கு இரண்டு பல். நண்டு காட்டுவாள். மகள் பாரிசில். மருமகன் தென்மராட்சி, நல்ல பெடியன்.

"ஐயா, உதெல்லாம் பதிய இதிலை இடமில்லை."

"இடம் பண்ணு பிள்ளை!"

நற்கருணை கொண்டுபோகிற குருவைப்போல சிம்மை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு நடந்தார். 'சாப்பிட்டியோ பிள்ளை... சாப்பிட்டியோ பிள்ளை...' வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தார். குரல் நன்றாகத்தான் வந்தது. இந்தமுறை தடக்காது.

படலையைத் தள்ளினார். கிணற்றடியில் லூர்த்தம்மாவின் குரல் கேட்டது.

"அப்பா வந்திட்டார், பிள்ளை. நீ இப்ப போனை வை. பிறகு, டேட்டா இப்பதான் வந்த மாதிரி எடு."